ஒரு விரலால் காட்டுங்கள்

வாசகர் கேள்விகளுக்கு ஒரு பிசியோதெரபிஸ்டின் பதில்கள்

போன இதழில் கணுக்கால் சுளுக்கைப் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முழங்காலைப் பற்றியவை. சரி, இந்த முறை முட்டிச் சில்லையே எடுத்துக்கொள்வோம்.

கடிதங்களில் எனக்கு ஒரு குறை. "முட்டி வலிக்கிறது" என்று எழுதுகிறீர்கள், எங்கே என்று எழுதுவதில்லை. என் அறைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதே "ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்பதுதான். சிலர் சட்டென்று ஒரே புள்ளியை அழுத்துவார்கள். சிலருக்கு ஒரு விரல் போதாது. இங்கே, இல்லை இங்கே, என்று தேடிவிட்டுக் கடைசியில் உள்ளங்கையை விரித்து முட்டிமேல் தொப்பி மாதிரி கவிழ்த்துவிடுவார்கள். எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்தக் கை எனக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். படிக்கும்போது உங்கள் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 34. ஒரு மாதமாகப் படி இறங்கும்போது இரண்டு முட்டிச் சில்லுக்குப் பின்னாலும் வலி. ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தாலும் வலிக்கிறது. விழவில்லை, அடிபடவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள். அப்புறம் ஏன் வலிக்கிறது?

பதில்: நீங்கள் உள்ளங்கையைக் கவிழ்க்கும் கட்சி. ஓடுபவர்கள், மலையேறுபவர்கள், ஜிம்முக்குப் போகிறவர்கள் ஆகியோருக்கு வரும் முட்டிச் சில்லு வலியில் மிகச் சாதாரணமான வகை இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது.

சில்லு அங்கே எதற்கு இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். முன்தொடைத் தசை கீழே வந்து நாணாகக் குறுகி, முழங்காலைத் தாண்டிக் கணைக்கால் எலும்பில் போய் ஒட்டுகிறது. அந்த நாணுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கும் எலும்புதான் சில்லு. தசைநாணுக்குள் இருக்கும் எலும்புகளில் உடம்பிலேயே பெரியது அதுதான். கிட்டத்தட்ட ஒரு கப்பியின் வேலையைச் செய்கிறது. நாணை மூட்டிலிருந்து கொஞ்சம் முன்னால் தள்ளிப் பிடித்துக்கொள்வதால், தசை குறைந்த பலத்திலேயே காலை நீட்டிவிடுகிறது. தொடையெலும்பின் கீழ்நுனியில் ஒரு பள்ளம் உண்டு. காலை மடக்கினால் சில்லு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி நழுவும். இன்னும் மடக்கினால் இன்னும் இறுக்கமாக அமுங்கும்.

எவ்வளவு அமுங்கும்? 1972-இல் வந்த ஒரு கணக்கை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். சமதளத்தில் நடக்கும்போது சில்லின்மேல் விழும் அழுத்தம் உடல் எடையில் சுமார் பாதி. படி ஏறி இறங்கும்போது மூன்று மடங்குக்குச் சற்று மேல். முழுக்கக் குந்தி எழுந்தால் ஏழெட்டு மடங்கு. தெருவில் ஒன்றும் தெரியாமல் நடப்பவர் படிக்கட்டில் கைப்பிடியைத் தேடுவது இதனால்தான். உட்கார்ந்து எழும்போது வரும் வலிக்கு மருத்துவர்கள் 'தியேட்டர் அறிகுறி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். முழுப் படமும் கால் மடங்கியே இருக்கிறதல்லவா?

எதுவும் கிழியாமலே வலிக்குமா என்று கேட்பீர்கள். உங்கள் ஆட்காட்டி விரலைப் பின்பக்கமாக வளைத்து அப்படியே பிடித்துக்கொண்டிருங்கள். கொஞ்ச நேரத்தில் வலிக்கும். எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் தெரியாது.

இனி முக்கியமான இடம். உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், கையெழுத்துக்குக் கீழே, பின்குறிப்பாக ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். வாரம் 12 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர் ஒரு பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு மூன்றே வாரத்தில் 30-க்குப் போயிருக்கிறீர்கள். அதிலும் பாதி மேம்பாலத்து ஏற்ற இறக்கம். ஐயா, முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டியது அதுதான்! எலும்பும் நாணும் மூட்டு உறையும் கூடுதல் வேலைக்குப் பழகும், ஆனால் அவற்றின் வேகத்தில்தான் பழகும். மூச்சு இரண்டு வாரத்தில் பழகிவிடுகிறது, அதனால் நமக்குத் தெம்பு வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. முட்டி அந்தக் கணக்கில் பின்தங்கி நிற்கிறது. இந்த வலியோடு வரும் எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: வலி தொடங்குவதற்கு முந்தைய நான்கைந்து வாரத்தில் எதை மாற்றினீர்கள்? தூரம், வேகம், தரை, செருப்பு, சரிவு, புது உடற்பயிற்சி வகுப்பு, வீடு மாற்றம். பத்தில் எட்டுப் பேர் "ஒன்றும் மாற்றவில்லையே" என்று தொடங்கி, எழுந்து போகும்போது வாசலில் நின்று "ஆமாம், ஒன்று..." என்பார்கள்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. எடுத்தேன். சில்லின் குருத்தெலும்பு மென்மையாகிவிட்டது, இரண்டாம் நிலை என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. இனி ஓடினால் தேய்ந்தே போய்விடுமாமே? வயது 38.

பதில்: யார் சொன்னார் என்று கேட்க மாட்டேன். 'தேய்மானம்' என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து ஓடுவதை நிறுத்தி, பிறகு நடப்பதையும் குறைத்து, கடைசியில் முட்டியைவிடத் தொடைதான் மெலிந்து போய் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. அதை மட்டும் குத்தினால் தெரியாது. ஸ்காட் டை என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் இதைத் தன் சொந்த முட்டியிலேயே பார்த்துவிட்டார். தோலை மட்டும் மரத்துப்போகச் செய்துகொண்டு, மூட்டுக்குள் மயக்க மருந்தே இல்லாமல், இரண்டு முழங்காலிலும் கருவியை உள்ளே விட்டு ஒவ்வோர் இடமாகத் தொடச் சொல்லி, எங்கே எவ்வளவு வலிக்கிறது என்று குறிக்கவைத்தார். 1998-இல் அது கட்டுரையாக வந்தது. சில்லின் குருத்தெலும்பைத் தொட்டபோது அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. இத்தனைக்கும் அவருடைய இரண்டு சில்லிலும் உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது போன்ற மென்மை இருந்தது, வலி இல்லாமலே! உயிர் போகிற வலி வந்தது எங்கே தெரியுமா? சில்லுக்குக் கீழே இருக்கும் கொழுப்புத் திண்டிலும், முன்பக்கத்து மூட்டு உறையிலும். ஆகவே ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது பொய்யில்லை, ஆனால் உங்கள் வலிக்குக் காரணம் அதுதான் என்பதற்கு அது சாட்சியும் இல்லை. வலியே இல்லாதவர்களைப் பிடித்து எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் இது போன்ற மாற்றங்கள் தென்படுகின்றன.

ஓடினால் தேயுமா என்பதற்கு: பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2017-இல் வந்தது. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம், ஓடாதவர்களில் 10.2, போட்டிகளுக்கென்றே ஓடுபவர்களில் 13.3. மூட்டு வலியால் ஓட்டத்தை விட்டவர்களும் 'ஓடாதவர்கள்' கணக்கில் இருக்கலாம், அதனால் ஓட்டமே மருந்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பொழுதுபோக்காக ஓடுபவர் முட்டி சீக்கிரம் தேயும் என்ற பயத்துக்கு இதில் இடமில்லை.

கேள்வி: குந்தி எழுந்தால் முட்டியில் 'நறநற' என்று சத்தம். வலி இல்லை. எண்ணெய் வற்றிவிட்டதா?

பதில்: வலியும் வீக்கமும் இல்லாத சத்தத்துக்கு மருத்துவம் தேவையில்லை. வற்றுவதற்கு அங்கே எண்ணெயும் இல்லை.

கேள்வி: 22 வயது, கைப்பந்து ஆடுகிறேன். சில்லின் கீழ்நுனியில் சரியாக ஒரு இடத்தில் வலி. ஆட்டம் தொடங்கும்போது இருக்கும், உடம்பு சூடானதும் போய்விடும், மறுநாள் காலையில் இரண்டு மடங்காக வரும்.

பதில்: விரல் கட்சி. இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி, எனக்கு வேலை மிச்சம். இது சில்லுக்கும் கணைக்கால் எலும்புக்கும் நடுவிலுள்ள நாணின் கோளாறு. குதித்துக் குதித்து ஆடுபவர்களுக்கு வருவதால் 'குதிப்பவர் முட்டி' என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு. முதல் கேள்வியில் சொன்ன சில்லு வலி வேலை செய்யச் செய்யக் கூடும். நாண் வலி தொடக்கத்தில் கத்தி, நடுவில் அடங்கி, மறுநாள் பழிவாங்கும். நடுவில் அடங்குவதை நம்பித்தான் எல்லோரும் கூடுதலாக இரண்டு செட் ஆடிவிடுகிறார்கள்.

இதற்கு ஐஸும் மாத்திரையும் அன்றைய ராத்திரியைக் கடத்த உதவும், அவ்வளவுதான். நாணுக்கு வேண்டியது கனமான, மெதுவான பயிற்சி. முதலில் அசையாமல் தாங்குவது: லெக் எக்ஸ்டென்ஷன் கருவியில் காலைப் பாதி மடக்கி, 45 வினாடி பிடித்து, நடுவில் ஓய்வு விட்டு ஐந்து முறை. பலருக்கு அப்போதே வலி குறையும். பிறகு எடையோடு மெதுவாக ஏறி இறங்கும் ஸ்குவாட், லெக் பிரஸ். குதிப்பதைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். நாண் பலப்பட மூன்று மாதமாவது ஆகும். உங்கள் பயிற்சியாளருக்கு அவசரம் இருக்கலாம், நாணுக்கு இல்லை.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, கால்பந்து ஆடுகிறான். முட்டிக்குக் கீழே ஒரு மேடு. தொட்டால் கத்துகிறான். கட்டியாக இருக்குமோ என்று தூக்கம் வரவில்லை.

பதில்: அம்மா, நீங்கள் சொல்லும் இடம் சில்லின் நாண் கணைக்கால் எலும்பில் ஒட்டும் இடம். வளர்கிற வயதில் அங்கே எலும்பு முழுக்க இறுகியிருக்காது, வளர்ச்சிக் குருத்து இருக்கும். ஓடி உதைக்கும் பிள்ளைகளுக்கு அந்த இடம் திரும்பத் திரும்ப இழுபட்டு, வீங்கி, மேடு தட்டும். 1903-இல் ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக விவரித்ததால் இருவர் பெயரையும் சேர்த்து அழைக்கிறார்கள். வளர்ச்சி முடிந்ததும் வலி பெரும்பாலும் அடங்கிவிடும், மேடு மட்டும் வாழ்நாள் முழுக்க இருந்துவிடலாம். விளையாட்டை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. வாரத்தில் நாட்களைக் குறைத்து, நொண்டாமல் ஆட முடிகிற அளவுக்கு விடுங்கள். இருந்தாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், உங்கள் தூக்கத்துக்காகவாவது.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், இது உங்கள் மகனுக்காக இல்லை, மற்ற பெற்றோருக்காக. பத்திலிருந்து பதினாறு வயதுப் பிள்ளை முட்டி வலி என்று சொல்லி நொண்டுகிறது, முட்டியை அழுத்தினால் வலி இல்லை, மேடும் இல்லை என்றால், இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை வளர்ச்சிக் குருத்திலிருந்து நழுவும் ஒரு கோளாறு உண்டு. வலி இடுப்பில் தெரியாமல் முட்டியில் தெரியும். முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்து "நார்மல்" என்று அனுப்பிவிட்டால் நாள் கடந்துவிடும். அந்தப் பிள்ளையை அன்றே காட்ட வேண்டும், அதுவரை அந்தக் காலில் எடை போடவிடக் கூடாது.

கேள்வி: ஓடினால்தானே முட்டி போகும் என்று சைக்கிளுக்கு மாறினேன். ஒரு வருஷம் நன்றாக இருந்தது. இப்போது வலது சில்லின் முன்னால் வலிக்கிறது. தூரத்தைக் கூட்டவில்லை, சத்தியமாக.

பதில்: நம்புகிறேன். சீட்டைப் பாருங்கள். என்னிடம் இதே கதையோடு ஒருவர் வந்தார். தூரம் அதேதான், பாதையும் அதேதான். சைக்கிளை எடுத்து வரச் சொன்னேன். சீட்டுத் தண்டில் அவரே முன்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். கவ்வியின் திருகு தளர்ந்து தண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருந்தது. கோட்டைக் காணோம். தண்டை இழுத்தோம், கோடு இரண்டு விரற்கடை மேலே வந்தது! சீட்டு தாழ்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி கூடுதலாக மடங்குகிறது. மணிக்கு நாலாயிரம், ஐயாயிரம் மிதி. மிதி அடிமட்டத்தில் இருக்கும்போது முழங்காலில் 25 முதல் 35 டிகிரி மடக்கு இருந்தால் சரி. கூடவே, கனமான கியரை மெதுவாக மிதிப்பதை விட்டு லேசான கியரை வேகமாக மிதியுங்கள்.

கேள்வி: எல்லோரும் 'ரெஸ்ட் எடு' என்கிறார்கள். எத்தனை நாள்? முட்டி உறை போடலாமா? நான் நாற்பதைத் தாண்டியவள், வாரம் மூன்று நாள் இறகுப்பந்து.

பதில்: என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 41-ஆவது வயதில், நான் வேலை பார்த்த கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகி, ஐந்தாவது மாடிக்கு இரண்டு வாரம் பயிற்சிப் பட்டைகளும் எடைகளுமாக ஏறி இறங்கினேன். இரண்டாவது வார முடிவில் இடது சில்லு பேச ஆரம்பித்தது. ஊருக்கெல்லாம் சொல்லும் நான் என்ன செய்தேன்? பேசாமல் மூன்று வாரம் படியே ஏறவில்லை. வலி போய்விட்டது. நாலாவது வாரம் முதல் நாள், மூன்றாம் படியில் வந்து நின்றது, அதே இடத்தில், அதே மாதிரி. ஓய்வு வலியை அடக்கியது, தொடையைப் பலப்படுத்தவில்லை. முன்பைவிடப் பலவீனமான காலோடு அதே படிக்குத் திரும்பியிருக்கிறேன்.

ஆகவே நிறுத்தாதீர்கள், குறையுங்கள். பத்துக்கு மூன்று வரை வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். அதற்கு உள்ளே எதையும் செய்யலாம். மூன்று நாள் ஆட்டம் இரண்டாகட்டும், முன்னால் பாய்ந்து ஆழமாக மடங்கி எடுக்கும் பந்துகளைச் சில வாரம் எதிராளிக்குத் தானம் செய்யுங்கள்.

பயிற்சியில் தொடையோடு இடுப்பையும் சேருங்கள். 2018-இல் இந்த வலியைப் பற்றி ஆய்வாளர்கள் கூடி வெளியிட்ட அறிக்கை இரண்டையும் சேர்த்துச் செய்யும் பயிற்சியைத்தான் பரிந்துரைத்தது. வெறும் கரண்டு வைத்தியத்தைப் பரிந்துரைக்கவில்லை. இடுப்பு எதற்கு என்று தெரிய வேண்டுமானால், கண்ணாடி முன்னால் ஒரு பலகைமேல் ஒற்றைக் காலில் நின்று, இன்னொரு குதிகாலைத் தரையில் லேசாகத் தொட்டு எழுங்கள். பலருக்கு முட்டி உள்பக்கமாகச் சாயும். இடுப்பின் பக்கவாட்டுத் தசை பிடிக்காததால் தொடையெலும்பு உள்ளே திரும்புகிறது. சில்லு தடம் புரளவில்லை, அதற்கு அடியில் தடமே திரும்பிவிட்டது. நான் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கினேன். பழைய தொலைபேசி டைரக்டரி இரண்டைக் கட்டி வைத்துக்கொண்டேன். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது, சுவரில் சாய்ந்து பாதி உட்கார்வது, இந்தப் படி இறங்குவது. வாரம் மூன்று நாள். ஆறு வாரத்தில் ஐந்தாவது மாடிக்குப் போனேன். சிலருக்குப் பன்னிரண்டு வாரமும் ஆகும்.

ஓடுபவர்களுக்கு மட்டும்: அடியைச் சுருக்குங்கள். நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் அதே வேகத்தில் 170 வைத்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டி வாங்கும் சுமை குறைகிறது.

உறை போடலாம். இதமாக இருக்கும். டேப் ஒட்டினாலும் சில வாரங்களுக்குப் பலருக்கு வலி குறையும். அந்தச் சில வாரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளாவிட்டால் உறைக்காரருக்குத்தான் லாபம்.

கேள்வி: தரையில் முட்டி போட்டு வேலை செய்பவன். சில்லுக்கு மேலே, தோலுக்கு அடியில், முட்டை மாதிரி மெத்தென்று வீங்கியிருக்கிறது.

பதில்: சில்லுக்கும் தோலுக்கும் நடுவில் உள்ள நீர்ப்பை உரசி உரசி நிரம்பியிருக்கிறது. கெட்டியான மெத்தைப் பட்டை கட்டிக்கொள்ளுங்கள், சில வாரம் முட்டி போடாதீர்கள். பிதுக்கிவிடாதீர்கள், ஊசியால் நீங்களே குத்திவிடாதீர்கள். இடம் சிவந்து சுடுகிறது, காய்ச்சலும் இருக்கிறது என்றால் சீழ் பிடித்திருக்கலாம். அது அன்றைக்கே மருத்துவமனை.

கேள்வி: நேற்று மாலை ஓடிவந்து திரும்பும்போது முட்டியில் 'டப்' என்று ஒரு சத்தம். சில்லு வெளிப்பக்கம் போய்த் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஒரு மணி நேரத்தில் பந்து மாதிரி வீங்கிவிட்டது. என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: ஒரு பயிற்சியும் வேண்டாம். சீக்கிரம் வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம். சில்லு நழுவியிருக்கலாம், தசைநார் அறுந்திருக்கலாம், எலும்புத் துணுக்கு பெயர்ந்திருக்கலாம். மூன்றையும் கடிதத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோதே ஒன்பது நாள் ஆகிவிட்டது, மின்னஞ்சலில் உடனே பதில் போட்டேன், மறுபதில் வரவில்லை. இன்னும் காட்டவில்லையென்றால், காலை நீட்டி, துணியை லேசாகச் சுற்றி, யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரே எடுத்த பிறகு எழுதுங்கள்.